ஒளியைப் பேச வைத்த கிரகாம் பெல்



தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால், அலெக்சாண்டர் கிரகாம் பெல் என்று நீங்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிடுவீர்கள். ஆனால், அந்தப் பெல்லிடமே போய், அவருடைய கண்டுபிடிப்புகளில் மிகப் பெரியது எது என்று கேட்டிருந்தால், அவர் தொலைபேசி என்று சொல்லியிருக்க மாட்டார். போட்டோபோன் என்ற வேறொரு கருவியின் பெயரைத்தான் சொல்லியிருப்பார். கம்பியே இல்லாமல், வெளிச்சத்தின் மேல் குரலை ஏற்றி அனுப்பிய கருவி அது!

1880-ஆம் ஆண்டிலேயே கம்பியில்லாத் தொலைபேசியா என்று வியப்பாக இருக்கிறதல்லவா? அதைவிட வியப்பான செய்தி, அந்தக் கருவி அவர் காலத்தில் ஒரு வீட்டுக்குக்கூட வந்து சேரவில்லை என்பதுதான். உலகம் பாராட்டிய தொலைபேசியை விட்டுவிட்டு, உலகம் மறந்துபோன ஒன்றை அவர் ஏன் உயர்வாக நினைத்தார்? வாருங்கள், அவருடைய கதையைப் பார்ப்போம்.

அம்மாவின் நெற்றியும் மகனின் குரலும்

ஸ்காட்லாந்து நாட்டில் எடின்பரோ என்ற நகரம் இருக்கிறது. அங்கே 1847-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் தேதி பெல் பிறந்தார். தாத்தா பேச்சுப் பயிற்சி ஆசிரியர். அப்பா மெல்வில் பெல்லும் அதே தொழில்தான் செய்தார். ஒவ்வோர் ஒலியையும் எழுப்பும்போது நாக்கு எங்கே தொடுகிறது, உதடு எப்படிக் குவிகிறது, தொண்டை என்ன செய்கிறது என்பதைக் காட்டும் ஓர் எழுத்துமுறையை அப்பா உருவாக்கினார். அதைப் பார்த்துக் காது கேளாதவர்களும் பேசப் பழகலாம் என்பது அவருடைய நம்பிக்கை.

அம்மா எலிசா நன்றாகப் பியானோ வாசிப்பார். ஆனால் அவருக்குக் காது சரியாகக் கேட்காது. மற்றவர்கள் அவரிடம் பேச வேண்டுமானால், காதில் வைக்கும் ஒரு குழாய்க்குள் உரக்கப் பேச வேண்டும். சிறுவன் பெல் மட்டும் அப்படிச் செய்யமாட்டான். அம்மாவின் நெற்றிக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், தாழ்ந்த குரலில் மெதுவாகப் பேசுவான். அந்த அதிர்வை உணர்ந்து அம்மா புரிந்துகொள்வார்.

குழந்தைகளே, இதைக் கொஞ்சம் கவனியுங்கள். குரல் என்பது அதிர்வு. அது எந்த வழியாகவும் போகும். காது வழியாகத்தான் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இந்தப் பாடத்தைப் பெல் கற்றது பள்ளிக்கூடத்தில் அல்ல, அம்மாவின் அருகில்!

உமி நீக்கிய சிறுவன்

பெல்லுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். அவனுடைய நண்பன் பென் ஹெர்ட்மனின் குடும்பத்துக்கு ஒரு மாவு மில் இருந்தது. இரண்டு பேரும் மில்லுக்குள் ஓடிப் பிடித்து விளையாடி வேலைக்காரர்களுக்குத் தொல்லை கொடுத்தார்கள். பொறுத்துப் பார்த்த நண்பனின் அப்பா, உருப்படியாக ஏதாவது செய்யக்கூடாதா என்று கேட்டுவிட்டார்.

இங்கே என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்று பெல் திருப்பிக் கேட்டான். கோதுமையிலிருந்து உமியை நீக்குவதுதான் பெரும்பாடாக இருக்கிறது என்றார் அவர். பெல் யோசித்தான். நகம் தேய்க்கும் சிறு பிரஷ்களையும் சுழலும் துடுப்புகளையும் சேர்த்து ஒரு கருவி அமைத்தான். சுழலச் சுழலக் கோதுமை பிரஷில் உரசி உமி கழன்றது! அந்தக் கருவி அந்த மில்லில் பல ஆண்டுகள் ஓடியது. மகிழ்ந்துபோன ஹெர்ட்மன், பையன்கள் இருவரும் புதுப்புதுப் பொருள்களைச் செய்து பார்க்க ஒரு சிறு அறையையே ஒதுக்கிக் கொடுத்தார்.

இன்னொரு குறும்பும் உண்டு. பெல்லும் அண்ணன் மெல்வில்லும் சேர்ந்து ஒரு பேசும் பொம்மைத் தலையைச் செய்தார்கள். அண்ணன் தொண்டையைச் செய்தான். தம்பி வாயையும் நாக்கையும் செய்தான். துருத்தியால் காற்றை ஊதி உதட்டை அசைத்ததும், அந்தப் பொம்மை அம்மாவைக் கூப்பிட்டது! குழந்தை அழுகிறதோ என்று அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்தார்களாம்.

துயரமும் புது நாடும்

மகிழ்ச்சியான அந்த வீட்டில் காசநோய் புகுந்தது. 1867-இல் தம்பி எட்வர்ட் இறந்தான். 1870-இல் அண்ணன் மெல்வில்லும் இறந்தார். மூன்று பிள்ளைகளில் மிஞ்சியவர் பெல் மட்டுமே. அவருடைய உடல்நிலையும் நன்றாக இல்லை. இந்தப் பிள்ளையையாவது காப்பாற்ற வேண்டும் என்று தவித்த பெற்றோர், நல்ல காற்றைத் தேடி அதே ஆண்டு கனடாவுக்குக் கப்பல் ஏறினார்கள். பிரான்ட்போர்டு என்ற ஊரில் குடியேறினார்கள். பெல்லின் உடல் தேறியது.

1871-இல் அவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குப் போய், காது கேளாத குழந்தைகளுக்கு ஆசிரியரானார். ஆமாம், பெல் முதலில் ஓர் ஆசிரியர். பகலில் பாடம், இரவில் ஆராய்ச்சி. அவரிடம் படித்த மேபல் ஹப்பர்டு என்ற பெண், ஐந்து வயதில் வந்த காய்ச்சலால் கேட்கும் திறனை இழந்தவர். பின்னாளில் அவரே பெல்லின் மனைவியானார்.

ஒரே நாளில் இரண்டு மனுக்கள்

ஒரே கம்பியில் பல தந்திச் செய்திகளை அனுப்ப முடியுமா என்றுதான் பெல் முதலில் ஆராய்ந்தார். தாமஸ் வாட்சன் என்ற திறமையான கைவினைஞர் அவருக்குத் துணையாக இருந்தார். 1875 ஜூன் 2-ஆம் தேதி, கருவியில் ஓர் உலோகப் பட்டை ஒட்டிக்கொண்டது. வாட்சன் அதை விரலால் சுண்டினார். அடுத்த அறையில் இருந்த பெல்லின் காதில் அந்தச் சுண்டல் ஒலி அப்படியே கேட்டது! ஒலியின் ஏற்ற இறக்கங்களை மின்சாரத்தின் ஏற்ற இறக்கங்களாக மாற்றிக் கம்பியில் அனுப்பலாம் என்பது அன்றைக்கு உறுதியானது.

1876 பிப்ரவரி 14-ஆம் தேதி பெல்லின் சார்பில் காப்புரிமைக்கு மனு கொடுக்கப்பட்டது. காப்புரிமை என்றால் என்ன தெரியுமா? ஒருவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால், அது எப்படி வேலை செய்கிறது என்பதை மறைக்காமல் எழுதிப் படம் போட்டு அரசிடம் கொடுக்க வேண்டும். அதற்குக் கைம்மாறாக, குறிப்பிட்ட காலத்துக்கு மற்றவர்கள் அவருடைய அனுமதியின்றி அதைச் செய்யக்கூடாது என்று அரசு பாதுகாப்புத் தரும். அந்நாளில் அமெரிக்காவில் இந்தக் காலம் 17 ஆண்டுகள். காலம் முடிந்ததும் அந்த அறிவு ஊருக்கே பொதுச் சொத்து!

பெல்லின் மனு போன அதே நாளில், எலிஷா கிரே என்பவரும் பேசும் கருவி ஒன்றைப் பற்றி அதே அலுவலகத்தில் முன்னறிவிப்பு கொடுத்தார். இவர்களுக்கு முன்பே, 1871-இல், இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய அன்டோனியோ மெயூச்சி என்ற ஏழை அறிஞர் அப்படி ஒரு முன்னறிவிப்பு கொடுத்திருந்தார். பணம் இல்லாததால் 1874-க்குப் பிறகு அவரால் அதைப் புதுப்பிக்க முடியவில்லை. மார்ச் 7-ஆம் தேதி பெல்லுக்குக் காப்புரிமை கிடைத்தது. அதன் எண் 1,74,465. மூன்று நாள் கழித்து, மார்ச் 10-ஆம் தேதி, பக்கத்து அறையிலிருந்து வாட்சனைக் கருவி வழியாகக் கூப்பிட்டார் பெல். வாட்சன் ஓடி வந்தார். தொலைபேசி பேசிவிட்டது!

பிறகு நூற்றுக்கணக்கான வழக்குகள் வந்தன. 1888-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெல்லின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் மெயூச்சியின் உழைப்பை மறக்கக்கூடாது என்று 2002-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. பெரிய கண்டுபிடிப்பு எதுவும் ஒரே ஒருவரின் தலையில் மட்டும் உதிப்பதில்லை என்பதை இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ளலாம்.

1877 ஜூலை மாதம் பெல்லுக்கும் மேபலுக்கும் திருமணம் நடந்தது. தொலைபேசிக் கம்பெனியில் தமக்கு இருந்த பங்குகளில் 10 பங்குகளை மட்டும் வைத்துக்கொண்டு, மீதி அனைத்தையும் மனைவிக்குத் திருமணப் பரிசாகக் கொடுத்துவிட்டார்! உலகமே பேசப் பயன்படுத்தும் கருவியைச் செய்தவர், தம் மனைவியுடன் அந்தக் கருவியில் பேச முடியாது. மேபல் உதட்டசைவைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார்.

வெளிச்சத்தில் ஏறிய குரல்

பணமும் புகழும் வந்துவிட்டன. வேறு யாராக இருந்தாலும் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். பெல் உட்காரவில்லை. கம்பி எதற்கு, கம்பி இல்லாமல் குரலை அனுப்ப முடியாதா என்று யோசித்தார்.

செலீனியம் என்று ஒரு தனிமம் இருக்கிறது. அதன்மேல் வெளிச்சம் பட்டால், அதன் வழியே மின்சாரம் எளிதாக ஓடும். இருட்டில் அவ்வளவு எளிதாக ஓடாது. இந்தக் குணத்தை வில்லோபி ஸ்மித் என்பவர் 1873-இல் வெளியிட்டிருந்தார். இதைப் படித்த பெல்லுக்குப் பொறி தட்டியது. சார்லஸ் சம்னர் டெயின்டர் என்ற உதவியாளருடன் வாஷிங்டன் நகரில் வேலையைத் தொடங்கினார்.

அவர்கள் செய்த கருவி இப்படித்தான் வேலை செய்தது. மிக மெல்லிய ஒரு கண்ணாடியின்மேல் சூரிய வெளிச்சம் விழும். கண்ணாடியின் பின்பக்கம் ஒரு குழாய். அதில் பேசினால் குரலின் அதிர்வால் கண்ணாடி மெல்ல உப்பும், மெல்லக் குழியும். அதனால் அதிலிருந்து திரும்பும் வெளிச்சம் குவிந்தும் விரிந்தும் போகும். தொலைவில், கிண்ணம்போல் வளைந்த பெரிய கண்ணாடி அந்த வெளிச்சத்தைப் பிடித்து, நடுவில் இருக்கும் செலீனியத்தின்மேல் பாய்ச்சும். வெளிச்சம் கூடிக் குறையும்போது பேட்டரியிலிருந்து வரும் மின்சாரமும் கூடிக் குறையும். காதில் வைத்திருக்கும் ரிசீவர் அதை மறுபடியும் குரலாக்கிவிடும். எவ்வளவு அழகான எண்ணம் பாருங்கள்!

1880 பிப்ரவரியில் கருவி பேசத் தொடங்கியது. அதே மாதத்தில் பெல்லுக்கு இரண்டாவது மகள் பிறந்தாள். இரட்டை மகிழ்ச்சியில் இருந்த அவர், குழந்தைக்குப் போட்டோபோன் என்றே பெயர் வைத்துவிடலாம் என்று ஆசைப்பட்டார்! நல்ல வேளை, மேபல் பக்குவமாகப் பேசித் தடுத்துவிட்டார். குழந்தைக்கு மரியன் என்று பெயர் வைத்தார்கள்.

1880 ஜூன் 3-ஆம் தேதி, பிராங்ளின் பள்ளிக்கூடத்தின் மொட்டை மாடியில் டெயின்டர் கருவியுடன் நின்றார். 213 மீட்டர் தள்ளி, தம் ஆய்வுக்கூடத்தில் ரிசீவரைக் காதில் வைத்தபடி பெல் காத்திருந்தார். நடுவில் கம்பி இல்லை. வெறும் காற்றும் வெளிச்சமும்தான். தாம் பேசுவது கேட்டால் ஜன்னலுக்கு வந்து தொப்பியை அசைக்கும்படி டெயின்டர் கேட்டுக்கொண்டார். அடுத்த நொடி, ஜன்னலில் பெல்லின் தொப்பி ஆடியது! உலகின் முதல் கம்பியில்லாத் தொலைபேசிச் செய்தி, ஒரு பள்ளிக்கூட மாடியிலிருந்து புறப்பட்டது என்பது நமக்கெல்லாம் பெருமைதானே?

அந்த ஆண்டு டிசம்பரில் போட்டோபோனுக்குக் காப்புரிமை கிடைத்தது. பெல் தம் வாழ்நாளில் தனியாக 18 காப்புரிமைகளும், மற்றவர்களுடன் சேர்ந்து 12 காப்புரிமைகளும் பெற்றார். அவற்றில் 4 போட்டோபோன் தொடர்பானவை.

நீங்களும் செய்து பார்க்கலாம்

பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடிப்பக்கம் வெட்டிய பிளாஸ்டிக் டம்ளரின் ஒரு பக்கத்தில் பலூன் தோலை இழுத்துக் கட்டுங்கள். அதன்மேல், பாவாடையில் வைத்துத் தைக்கும் சிறிய கண்ணாடி வில்லை ஒன்றை ஒட்டுங்கள். வெயில் அந்த வில்லையில் பட்டு, நிழலான சுவரில் ஒளிப்பொட்டு விழும்படி பிடியுங்கள். மறுபக்கத்தில் வாயை வைத்துப் பாடுங்கள். சுவரில் ஒளிப்பொட்டு நடனமாடும்! நீங்கள் பார்ப்பது உங்கள் குரலைத்தான். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். சூரியனை நேராகப் பார்க்கக்கூடாது. அந்த வெளிச்சத்தை யார் கண்ணிலும் அடிக்கக்கூடாது. உடைந்த கண்ணாடித் துண்டைப் பயன்படுத்தவே கூடாது.

மேகம் வந்தால் பேச்சு நின்றது

இவ்வளவு நல்ல கருவி ஏன் வெற்றி பெறவில்லை? மேகம் மறைத்தால் பேச்சு நின்றுவிடும். மழை பெய்தாலும் பனி மூடினாலும் அப்படியே. நடுவில் ஒரு மரம் நின்றாலே போதும், வெளிச்சம் தடைபட்டுவிடும். கொஞ்ச காலத்தில் ரேடியோ அலைகள் வந்துவிட்டன. அவை மேகத்தையும் சுவரையும் கடந்து போயின. போட்டோபோனை மக்கள் மறந்துவிட்டார்கள். பெல் மறக்கவில்லை. தொலைபேசியைவிட அதுவே பெரியது என்று கடைசிவரை நம்பினார்.

தோல்விகள் அவருக்குப் புதிதல்ல. 1881-இல் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் இருந்த குண்டைக் கண்டுபிடிக்க அவசரமாக ஒரு கருவி செய்துகொண்டு ஓடினார். பலன் கிடைக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில், குறைமாதத்தில் பிறந்த அவருடைய மகன் மூச்சுவிட முடியாமல் சில மணி நேரத்தில் இறந்துபோனான். அந்தத் துக்கத்தில் மூழ்கிவிடாமல், மூச்சுவிட உதவும் ஓர் உலோகச் சட்டையை வடிவமைத்தார் பெல். தம் குழந்தைக்குக் கிடைக்காதது இன்னொருவர் குழந்தைக்குக் கிடைக்கட்டும் என்ற நல்ல மனம் அது.

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் கடலோரம் வீடு கட்டிக்கொண்ட பிறகு, பனிமூட்டத்தில் வழி தவறும் மீனவர்களைப் பற்றிக் கவலைப்பட்டார். சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு சொட்டு இல்லை. ஈரமான காற்றையும் மூச்சுக் காற்றையும் குளிர வைத்து, அதிலுள்ள ஈரத்தைப் பிரித்துக் குடிநீராக்கும் சோதனைகளைச் செய்தார். 1919-இல், தமது 72-ஆவது வயதில், அவருடைய குழு செய்த படகு நீருக்குமேல் எழும்பி மணிக்கு 114 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்தது!

மேதைக்கும் தவறு நேரும்

பெல்லைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். காது கேளாத குழந்தைகளை அவர் மனதார நேசித்தார். பார்வையும் கேட்கும் திறனும் இழந்த சிறுமி ஹெலன் கெல்லரை 1886-இல் அவளுடைய தந்தை பெல்லிடம் அழைத்து வந்தபோது, நல்ல ஆசிரியை கிடைக்க வழிகாட்டியவர் அவர்தான். ஆனால், காது கேளாதவர்கள் வாயால் பேசித்தான் ஆக வேண்டும், பள்ளிகளில் சைகை மொழி கூடாது என்று வாதாடினார். அவர்கள் தங்களுக்குள் திருமணம் செய்துகொள்வது நல்லதல்ல என்றும் 1883-இல் அறிஞர்கள் முன்னிலையில் சொன்னார். அது பலருடைய மனத்தைப் புண்படுத்தியது. சைகையால் பேசிய எத்தனையோ குழந்தைகள் வகுப்பில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. சைகை மொழியும் மற்ற மொழிகளைப் போல முழுமையான மொழிதான் என்பதை இன்று நாம் அறிவோம். ஒருவருக்கு உதவ நினைக்கும்போது, அவருக்கு எது வேண்டும் என்று அவரிடமே கேட்க வேண்டும். அன்பு மட்டும் போதாது.

1922 ஆகஸ்ட் 2-ஆம் தேதி, தமது 75-ஆவது வயதில் பெல் மறைந்தார். இறுதிச் சடங்கின்போது வட அமெரிக்கா முழுவதும் தொலைபேசிகள் ஒரு நிமிடம் மௌனமாக இருந்தன. ஒலியை அளக்கும் டெசிபல் என்ற அலகில் அவருடைய பெயர் இன்றும் வாழ்கிறது.

ஒளி திரும்பி வந்தது

போட்டோபோன் என்ன ஆயிற்று? 1960-இல் லேசர் ஒளி வந்தது. 1970-இல், ஒளியை வீணாக்காமல் வெகுதூரம் கொண்டுபோகும் கண்ணாடி இழை வந்தது. மேகமும் மழையும் தொடமுடியாத குழாய்ப் பாதை ஒளிக்குக் கிடைத்துவிட்டது! 1988-இல் அட்லாண்டிக் கடலுக்கு அடியில் அந்த இழை பதிக்கப்பட்டது. 2002-இல் நம் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே கடலடியில் அப்படி ஒரு பாதை அமைந்தது. வெளிநாட்டில் இருக்கும் மாமாவுடன் நீங்கள் பேசும்போது, கடலுக்கு அடியில் உங்கள் குரல் ஒளியாகத்தான் ஓடுகிறது. குரலை ஒளியில் ஏற்றலாம் என்ற பெல்லின் எண்ணம், ஏறத்தாழ நூறு ஆண்டுகள் காத்திருந்து வென்றுவிட்டது.

இன்னொரு செய்தி உங்களுக்குப் பிடிக்கும். கம்பியில்லாத ஹெட்போன்களில் பெரும்பாலானவை ரேடியோ அலைகளால் இயங்குகின்றன. ஆனால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியால் இயங்கும் ஹெட்போன்களும் உண்டு. வெளிநாடுகளில் பல நாடக அரங்குகளிலும் திரையரங்குகளிலும், காது மந்தமானவர்கள் கேட்பதற்கு அவற்றைக் கொடுக்கிறார்கள். மேடையில் பேசும் குரல், ஒளியாகக் காற்றில் மிதந்து வந்து அவர்கள் காதில் மறுபடியும் குரலாகிறது. அம்மாவின் நெற்றியருகே மெதுவாகப் பேசிய அந்தச் சிறுவன் இதைப் பார்த்திருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பான்!

ஆகவே செல்வங்களே, நீங்கள் முயன்ற ஒன்று உடனே பலன் தரவில்லை என்றால் சோர்ந்துவிடாதீர்கள். பெல்லைப்போலத் தெளிவாக எழுதி வையுங்கள், படம் போட்டு வையுங்கள். நாளைக்கு நீங்களோ, உங்களுக்குப் பின் வரும் ஒருவரோ அதை எடுத்து முடித்து வைப்பார்கள். நல்ல எண்ணத்துக்கு வயதாவதே இல்லை!